தேர் நுழையாத தெரு: பினாங்கில் ‘லேன்’ படும் பாடு

பினாங்குத் தீவில் வண்டி நெரிசலுக்குப் பேர்போன சாலைகளுள் ஒன்று கிரீன் லேன். நடுவே தடுப்புப் போட்டு, போகவும் வரவும் தனித்தனியாகப் பிரித்த பெருஞ்சாலை அது. ஆங்கில அகராதியைப் புரட்டினால் ‘லேன்’ என்பதற்கு ஒடுக்கமான பாதை, சந்து என்றுதான் முதல் பொருள் போட்டிருக்கும். மாலை வேளையில் அங்கே மாட்டிக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் வண்டிகளாகவே தெரியும்போது, இதற்கா சந்து என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1928இல் அந்தச் சாலைக்குக் குடிபெயர்ந்தபோது அது நகரத்துக்கு வெளிப்புறம். பிறகு நகரம் அதன் மேல் ஏறி வந்தது. சாலை பெருத்தது, பெயர் மட்டும் ஒடுங்கியபடியே நின்றுவிட்டது.

அரசாங்கப் பலகையில் இப்போது அதன் பெயர் ஜாலான் மஸ்ஜிட் நெகிரி. 1980இல் திறக்கப்பட்ட மாநிலப் பள்ளிவாசல் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. ஆனால் பலகையைப் படித்து வழி சொல்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அது கிரீன் லேன்தான். லண்டனிலும் இதே கதை உண்டு. ஹைட் பூங்காவை ஒட்டி ஓடும் பார்க் லேன் ஒரு காலத்தில் டைபர்ன் லேன் என்ற சிறு பாதை. இன்று அது பல வரிசை வண்டிகள் ஓடும் பெருஞ்சாலை, பக்கத்தில் பணக்கார விடுதிகள். பெயரில் உள்ள ‘லேன்’ எதையாவது சொல்கிறதென்றால், அந்தச் சாலையின் இன்றைய அகலத்தைச் சொல்லவில்லை, அதன் பிறப்பைத்தான் சொல்கிறது.

இந்த ஊரில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிறு சொல் அடிக்கடி தலைவலி கொடுக்கிறது. முகவரியில் வரும் லேன் வேறு, கடைவீட்டுப் பின்புறத்து லேன் வேறு, நெடுஞ்சாலையில் கோடு போட்டுப் பிரித்த லேன் வேறு. ஆங்கிலம் மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. மலாய் மொழியும் ‘லோரோங்’ என்ற ஒன்றையே வைத்துச் சமாளிக்கிறது. தமிழில் அப்படி ஒரே சொல் கிடையாது. அதைக் குறை என்று நினைத்துப் ‘பாதை’ என்று பொதுவாகப் போட்டுத் தள்ளுகிறோம். என்னைக் கேட்டால் அந்த வேறுபாடுதான் தமிழின் வசதி.

முதலில் பழைய பொருள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆங்கிலத்தில் புழங்கும் சொல் இது. வேலிகளுக்கோ கரைகளுக்கோ வீடுகளுக்கோ இடையில் செல்லும் ஒடுக்கமான வழி என்பது அதன் கரு. இரண்டு பக்கமும் அடைப்பு இருக்க வேண்டும் என்பதே முக்கியம். திறந்த வெளியில் கால்பட்டுத் தேய்ந்த ஒற்றையடிப் பாதையை ஆங்கிலேயர் லேன் என்று சொல்வதில்லை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆளுயரத்துக்கு மேல் செடி வளர்ந்த மண்கரைகளுக்கு நடுவே போகும் சாலைகள் இன்றும் இருக்கின்றன. எதிரே ஒரு வண்டி வந்துவிட்டால் இரண்டில் ஒன்று பின்னோக்கித்தான் நகர வேண்டும்.

இதைக் கொங்கு நாட்டுக்காரரிடம் சொன்னால் அகராதியே வேண்டாம், ‘இட்டேரி’ என்று உடனே சொல்லிவிடுவார். இரண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவே, கள்ளியும் முள்ளும் அடர்ந்து நிற்க, மாட்டுவண்டி போகும் அந்த மண்வழிதான் லேனின் அசல் பொருள். யாழ்ப்பாணத்தார் ‘ஒழுங்கை’ என்பார்கள். வேலிக்கும் வேலிக்கும் இடையிலான ஊர்ப்பாதை அது. கொழும்பில் லேன் என்று பெயர் பெற்ற தெருக்களுக்கும் தமிழில் ஒழுங்கை என்றே எழுதுகிறார்கள். மலாயாவுக்கு ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் குடும்பங்களில் பெரியவர்கள் வாயில் இந்தச் சொல் இன்னும் கேட்கக் கிடைக்கிறது. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு, அதுவும் பினாங்குக்கு நிறையப் பேரை அனுப்பிய தென்காசி, கடையநல்லூர் பக்கத்தவர்களுக்கு, வீட்டுச் சுவர்களுக்கு இடையில் போவது ‘முடுக்கு’. பொதுத் தமிழுக்குச் ‘சந்து’. ஒரே பொருளுக்கு நான்கு சொற்கள் என்று இதை எண்ணிவிடக் கூடாது. இட்டேரியில் வேலி இருக்கிறது, முடுக்கில் சுவர் இருக்கிறது, சந்தில் இரண்டு தெருக்களை இணைக்கும் இடைவெளி இருக்கிறது. டச்சுக்காரர்களிடம் இந்தச் சொல்லின் உறவுச் சொல் ‘லான்’. அவர்கள் இரு மருங்கும் மரம் நட்ட அகன்ற சாலையை அப்படி அழைக்கிறார்கள். அங்கே வேலி மரமாகிவிட்டது, ஒடுக்கம் போய்விட்டது.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு வருவோம். 1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் வந்திறங்கியபின் போட்ட முதல் தெருக்கள் நேர்கோடுகள்: லைட் தெரு, கடலை ஒட்டிய பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் சூலியா என்ற பெயர் இப்படித்தான் நகரத்தின் முதல் கட்டங்களில் ஒன்றிலேயே ஏறி உட்கார்ந்தது. அந்தப் பழைய நகரத்தில் ஒரு கணக்கு தெரிகிறது. ஊருக்குள் வீடும் கடையும் வரிசையாக நிற்பது ‘ஸ்ட்ரீட்’. ஊரை விட்டு வெளியே எங்கேயோ கொண்டுபோய் விடுவது ‘ரோடு’: பர்மா ரோடு, மெக்கலிஸ்டர் ரோடு, டத்தோ கிராமாட் ரோடு. இரண்டு ஸ்ட்ரீட்டுகளைக் குறுக்கே இணைப்பது, அல்லது ஒன்றிலிருந்து கிளை பிரிவது ‘லேன்’. நூல் பிடித்தது போல எல்லா இடத்திலும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் மூன்றும் மூன்று வேலை செய்வது புலப்படும்.

தமிழருக்கு இது புதிதல்ல. கோயில் ஊர்களில் மாட வீதி என்றும் தேரோடும் வீதி என்றும் பிரிக்கிறோம். தேர் திரும்ப இடமில்லாத தெருவுக்கு அந்த மதிப்பு கிடையாது. பினாங்கிலும் தைப்பூசத்துக்கு முதல் நாள் நகரத்தார் வெள்ளி ரதம் லெபு பினாங்கிலுள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டு, பெரிய சாலைகள் வழியாகவே ஜாலான் கெபுன் பூங்கா கோயிலுக்குப் போகிறது. 1894இல் காரைக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த ரதம் அது. லோரோங்கில் குடியிருப்பவர்கள் தேங்காயும் தட்டும் எடுத்துக்கொண்டு முனைக்கு வர வேண்டியதுதான். நகரசபை வைத்த பெயர்களும் மக்கள் மனத்தில் இருக்கும் பெரிய தெரு, சின்னத் தெரு வேறுபாடும் இந்த இடத்தில் ஒத்துப்போகின்றன.

நாடு விடுதலை பெற்று மலாய் தேசிய மொழியானபின் பெயர்ப்பலகைகள் மாறின. பினாங்கில் பொதுவாக ஸ்ட்ரீட் லெபு ஆயிற்று, ரோடு ஜாலான் ஆயிற்று, லேன் லோரோங் ஆயிற்று. லெபு என்பது மலாயில் பெரிய வீதியைக் குறிக்கும் சொல், நெடுஞ்சாலைக்கு லெபுராயா என்றுதான் பெயர். ஜார்ஜ் டவுனிலோ லெபு ஆ குவீ போன்ற குட்டித் தெருவும் லெபுதான். மொழிபெயர்த்தவர்கள் தெருவை அளந்து பார்க்கவில்லை, பழைய ஆங்கிலப் பெயரின் வாலை மட்டும் பார்த்து மாற்றினார்கள். அதனால் லேனுக்கு ஆங்கிலத்தில் என்ன அந்தஸ்து இருந்ததோ அதுவே லோரோங்குக்கும் வந்து சேர்ந்தது.

வெளியூர்க்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். லெபு சூலியா ஒரு தெரு. லோரோங் சூலியா அதிலிருந்து பிரியும் சந்து. காட் லெபு சூலியா இன்னொன்று, கடற்பக்கம் இருப்பது. இந்தக் ‘காட்’ பினாங்குக்கே உரிய சரக்கு. காசியில் கங்கைப் படித்துறையைக் குறிக்கும் அதே வட இந்தியச் சொல்தான் ஆங்கிலேயர் வாய்வழியாக இங்கே வந்து இறங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்ற கரையோரச் சாலையை உண்டாக்கியபோது, கரையோரமாக இருந்த பீச் தெரு உள்ளே தள்ளிப்போயிற்று. அதைத் தாண்டிப் புதிய கரை வரை நீண்ட தெருத்துண்டுகளுக்குக் காட் என்று பெயர் வைத்தார்கள். படகிலிருந்து மூட்டை இறக்கும் துறைகள் அவை. தமிழில் எழுதும்போது படித்துறை என்று பெயர்க்கலாம், பொருள் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த முகவரியைத் தேடி யாரும் போய்ச் சேர முடியாது.

பர்மா பெயரிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஜாலான் பர்மா நகர மையத்திலிருந்து புலாவ் திக்குஸ் வரை நீளும் சாலை. லோரோங் பர்மா புலாவ் திக்குஸ் பக்கத்தில் இருக்கும் சிறு தெரு. படுத்திருக்கும் புத்தர் உள்ள சயாமியக் கோயிலும் தம்மிகாராம பர்மியக் கோயிலும் அங்கேதான் எதிரெதிரே இருக்கின்றன. கைப்பேசியில் வாடகைக் கார் அழைக்கும்போது ஒரு சொல் பிசகினால் வண்டி வேறெங்கோ போய் நிற்கும். புதிய குடியிருப்புப் பகுதிகளில் கிளைகள் இன்னும் பெருகிவிட்டன. ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஜாலான், லோரோங், லிந்தாங், லெங்கோக், சோலோக், பெர்சியாரான் என்று அடுக்குகிறார்கள், போதாக்குறைக்கு எண் வேறு. அங்கே பெயரை விடவும் முன்னால் நிற்கும் அந்த வகைச் சொல்தான் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆகவே முகவரியில் லோரோங்கை மொழிபெயர்க்கவே கூடாது என்பது என் கட்சி. ‘பர்மா சந்து’ என்று எழுதினால் தமிழ் வாழலாம், தபால் வாழாது.

ஊரில் புகழ்பெற்ற சந்து எது என்று கேட்டால் பத்துப் பேரில் பாதிப்பேர் சாப்பாட்டைச் சொல்வார்கள். சார் கொய் தியாவுக்கு லோரோங் செலாமாட், இரவுக் கடைகளுக்கு லோரோங் பாரு என்ற நியூ லேன், தமிழ் முஸ்லிம் கைப்பக்குவத்து மீ கோரெங்குக்கு பாங்காக் லேன். மற்ற பாதிப்பேர் லவ் லேன் என்பார்கள். லெபு ஃபார்க்குவாரிலிருந்து லெபு சூலியா வரை போகும் தெரு அது, பலகையில் லோரோங் லவ். நியூ லேனின் ‘நியூ’வைப் ‘பாரு’ ஆக்கியவர்கள் காதலை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டார்கள்.

பெயர் எப்படி வந்தது என்பதற்குச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் கதை, பக்கத்துத் தெருக்களில் வாழ்ந்த சீனச் செல்வந்தர்கள் தங்கள் ஆசைநாயகிகளை இங்கே குடிவைத்தார்கள் என்பது. நகரம் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபின் சுவர்களில் பொருத்திய இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்களுள் ஒன்றும் முந்திரி தெருப் பணக்காரர்களைச் சொல்லி இதே கதையைப் பேசுகிறது. கம்பியில் வளைத்தபின் கதைக்கு ஒரு உறுதி வந்துவிடுகிறது அல்லவா. இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். லவ் லேன் என்ற பெயர் பினாங்கில் பிறந்ததல்ல. லண்டன் நகரத்திலேயே லவ் லேன் இருந்தது. 1598இல் லண்டன் தெருக்களைப் பற்றி எழுதிய ஜான் ஸ்டோ, ஒழுக்கம் தவறியவர்களால் வந்த பெயர் என்று அதைக் குறிப்பிட்டிருக்கிறார். இங்கிலாந்தின் பல ஊர்களிலும் இந்தப் பெயர் உண்டு. ஆக, ஆங்கிலேயர் தங்களோடு கொண்டுவந்த பெயர்ப்பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து இங்கே ஒட்டியிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. ஹொக்கியன் பேசிய சீனர்கள் அந்தச் சந்தைச் செரானி சந்து என்று அழைத்ததாகவும் ஒரு செய்தி உண்டு. செரானி என்றால் ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழிவந்த யூரேசியர். பக்கத்திலேயே அவர்களுடைய தேவாலயமும் பள்ளியும் இருந்ததால் அது பொருத்தமாகவே படுகிறது. வெளியிலிருந்து வந்த பெயர் காதலைப் பேசுகிறது, அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் அங்கே யார் குடியிருந்தார்கள் என்று பேசுகிறது. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம்.

பெயர்ப்பலகையே இல்லாத லேன்களும் உண்டு. கடைவீடுகளின் பின்னால் ஓடும் பேக் லேன், மலாயில் லோரோங் பெலாக்காங். இது அழகுக்காகவோ போக்குவரத்துக்காகவோ வெட்டியது அல்ல. பழைய கடைவீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியபடி எழுந்தவை. முன்வாசல் ஒன்றுதான் வழி. மலக்கூடத்து வாளியையும் அந்தக் கடை நடுவாகத்தான், மூட்டைகளுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே, தூக்கிக்கொண்டு வர வேண்டும். காற்றும் வெளிச்சமும் உள்ளே போவதில்லை. காசநோய் பரவ வேறென்ன வேண்டும். 1907இல் சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்த பேராசிரியர் சிம்சன் பின்சந்துகளை வெட்டச் சொன்னார். சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்ற நகரங்களில் அந்த எண்ணம் வேரூன்றியது. ஜார்ஜ் டவுனிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீடுகளின் பின்புறத்தை அறுத்து வழி உண்டாக்கினார்கள்.

பழைய பின்சந்தில் நடக்கும்போது சுவரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தரையோடு ஒட்டிச் சிறிய சதுரமாகச் செங்கல் வைத்து அடைத்த தழும்பு சில வீடுகளில் தெரியும். வாளியை வெளியே இழுப்பதற்காக இருந்த சிறு கதவு அது. துப்புரவுத் தொழிலாளி அந்தக் கதவைத் திறந்து, நிறைந்த வாளியை எடுத்து, காலி வாளியை உள்ளே தள்ளிவிட்டுப் போவார். வீட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து நகரசபைகளில் தெருக்கூட்டவும் சாக்கடை வாரவும் தமிழரும் தெலுங்கரும் நிறைய இருந்தார்கள். ஆக, இந்த வகை லேன், தெருவுக்குக் கிளையாக வந்ததல்ல. வேலைசெய்கிறவர்களும் அவர்கள் அகற்றும் கழிவும் முன்வாசலில் தென்படாமல் இருக்க வெட்டிய வழி. இதற்குத் தமிழில் பின்சந்து என்பதே போதும். ‘கொல்லைப்புறப் பாதை’ என்று சிலர் எழுதுகிறார்கள். கொல்லை என்றால் அங்கே ஒரு வாழைமரமாவது நிற்க வேண்டும்.

வாளி ஒழிந்தபின் அந்தச் சந்துகளில் மோட்டார் சைக்கிள்களும் கேஸ் சிலிண்டர்களும் பாத்திரம் கழுவும் தொட்டிகளும் குடியேறின. 2012இல் லிதுவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஸகாரெவிச் லெபு ஆர்மேனியனிலும் ஆ குவீயிலும் சுவரோவியங்கள் தீட்டியபின் சுற்றுலாப் பயணிகள் சந்து சந்தாக நுழையத் தொடங்கினார்கள். இப்போது பின்சந்தில் காபிக்கடை திறப்பது ஒரு மோஸ்தர்.

சந்தில் கடை வைப்பது தமிழ் முஸ்லிம்களுக்கு மட்டும் புதிதில்லை. ஜாலான் பினாங்கில், லெபு சூலியா சந்திப்புக்குப் பக்கத்தில், இரண்டு கட்டடங்களுக்கு இடையே உள்ள சந்தில் நடக்கும் நாசி கண்டார் கடையை ஊரே அறியும். முகப்பில் சட்டி வரிசை, அதற்குப் பின்னால் சந்து நீளத்துக்கு மேசைகள், தலைக்கு மேலே கூரைத் தகடு. மீன் தலைக்கறியும் கோழிக்குழம்பும் கலந்து ஊற்றிய சோற்றோடு நடக்கிறவர், உட்கார இடம் தேடிச் சந்தின் ஆழத்துக்கே போக வேண்டும். கடையின் பெயர் ‘லைன் கிளியர்’. இருப்பதோ லேனில். ரயில்வேக்காரர் வாயில் புழங்கும் சொல்லைப் பெயராகக் கொண்ட கடை ஒரு சந்தில் இருப்பது தற்செயல்தான். ஆனால் நம்மவர்கள் லைனையும் லேனையும் போட்டுக் குழப்புவதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

அந்தக் குழப்பத்துக்குக் காரணமும் உண்டு. இந்நாட்டுத் தமிழர்களின் நாவில் லைன் மிகப் பழைய சொல். ரப்பர் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு ஆங்கிலத்தில் ‘லைன்ஸ்’, அதுதான் நமக்கு லயம் ஆனது. லயத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து வண்டி ஓட்டக் கற்றவர்கள், சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு நடுவே உள்ள பகுதியையும் லைன் என்றே சொன்னார்கள், இன்னும் சொல்கிறார்கள். லைன் என்பது கோடு. லேன் என்பது இரண்டு கோடுகளுக்கு நடுவில் உள்ள இடம். ‘லைனில் போகாதே’ என்று ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர் அதட்டினால் கோட்டின் மேல் ஏறாதே என்கிறாரா, அந்தப் பகுதிக்குள்ளேயே போகாதே என்கிறாரா என்று மாணவர் திகைக்க வேண்டியிருக்கிறது.

கோடு போட்ட லேன் பழைய லேனின் பிள்ளைதான். ஆனால் அதற்குச் சுவரும் இல்லை, வேலியும் இல்லை. அடைப்பு இருப்பதாக எல்லாரும் ஒத்துக்கொள்வதால் மட்டும் நிற்கும் வழி அது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், 1911இல், வெய்ன் மாவட்டச் சாலை ஆணையத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஹைன்ஸ் சாலை நடுவே வெள்ளைக்கோடு போடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் என்று பெயர் பெற்றவர். பால் வண்டி ஒன்று ஒழுகிக்கொண்டே போனதில் சாலையில் விழுந்த வெள்ளைத் தாரையைப் பார்த்து அந்த யோசனை வந்ததாகக் கதை சொல்கிறார்கள். பால் கதை உண்மையோ இல்லையோ, கோடு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் பொதுவாக 3.5 மீட்டர். ஜார்ஜ் டவுனின் சில லோரோங்குகள் முழுதுமாகவே அதற்குள் அடங்கிவிடும்.

இதற்குத் தமிழ் என்ன? தமிழ்நாட்டில் நான்குவழிச் சாலை, எட்டுவழிச் சாலை என்று எழுதுகிறார்கள். சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே திட்டமிட்ட சாலையை எதிர்த்து 2018இல் விவசாயிகள் போராடியபோது எட்டுவழிச் சாலை என்ற தொடர் எங்கள் செய்திகளிலும் அடிபட்டது. எட்டு லேன் கொண்ட சாலை என்பது பொருள். ஆனால் ஒருவழிச் சாலை என்றால் ஒரு லேன் கொண்ட சாலை என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. ஒரே திசையில் மட்டும் போகலாம் என்பதுதான் பொருள். அப்படியானால் இருவழிச் சாலை எது? இரண்டு லேன் உள்ளதா, இரண்டு திசையிலும் போகக்கூடியதா? இரண்டு பொருளிலும் எழுதுகிறார்கள். ஜார்ஜ் டவுன் போல ஒருவழித் தெருக்கள் மலிந்த ஊரில் இந்த ‘வழி’ கைகொடுக்காது. ஒருவழித் தெருவிலும் மூன்று லேன் இருக்கலாமே.

‘தடம்’ இதற்குப் பொருத்தமான சொல். வண்டிச் சக்கரம் பதிந்த சுவடு, அது செல்லும் நெறி என்ற பொருள் அதில் ஏற்கெனவே கிடக்கிறது. 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் இன்று திசைக்கு மூன்று தடம். 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலத்தில் கார்களுக்கு இரண்டு தடமும் மோட்டார் சைக்கிள்களுக்குத் தனித்தடமும் இருக்கின்றன. இப்படி எழுதினால் தடுமாற்றம் எதுவும் இல்லை. நெடுஞ்சாலையில் ‘ஈக்கூட் கிரி ஜிக்கா தீடாக் மெமோத்தோங்’ என்று எழுதிய பலகையைப் பார்த்திருப்பீர்கள். முந்தப் போவதில்லை என்றால் இடப்பக்கமாகவே போ என்கிறது. வலது ஓரத்தில் இருப்பது முந்துதடம். அதில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சொந்த வீட்டுத் திண்ணைக்குரிய நிம்மதியோடு போகிறவர்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் கட்டுரை திசை மாறிவிடும்.

ஓட்டப்பந்தயத் திடலில் ஒரு தடம் 1.22 மீட்டர் அகலம், ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 2.5 மீட்டர். தகுதிச் சுற்றில் முந்தியவருக்கு நடுத்தடம் கொடுப்பது வழக்கம். அங்கெல்லாம் தடம் பொருந்திப்போகிறது. கடலிலும் அப்படித்தான். உலகக் கப்பல்கள் நெருக்கியடித்துச் செல்லும் மலாக்கா நீரிணையில், கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பாலுள்ள ஒன் ஃபாதம் பேங்க் என்ற மணல்திட்டுத் தொடங்கி சிங்கப்பூர் நீரிணை வரை, போகும் கப்பலுக்கும் வரும் கப்பலுக்கும் தனித்தனித் தடம் வகுத்திருக்கிறார்கள். பிலிப் கால்வாய்ப் பகுதியில் நீரிணை ஏறத்தாழ 2.8 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. பந்து உருட்டும் போலிங்கிலும் லேன் உண்டு. கோட்டிலிருந்து முதல் ‘பின்’ கட்டை வரை 60 அடி. அதற்கு மட்டும் ஓடுதளம் என்று சொன்னால் விமானம் இறங்கும், தடம் என்றால் யாருக்கும் புரியாது. லேன் என்றே விட்டுவிடலாம்.

மரபுத்தொடர்களில் வரும் லேனை இழுத்துக்கொண்டு வராதிருப்பது நல்லது. பழைய மாணவர் ஒன்றுகூடல் செய்திகளில், ஆங்கிலத்து ‘மெமரி லேனை’ப் பெயர்த்து ‘நினைவுப் பாதையில் பயணித்தனர்’ என்று எழுதியதைப் படிக்கும்போது அவர்கள் எந்தப் பேருந்தில் போனார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. பழைய கதைகளைப் பேசி மகிழ்ந்தார்கள் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ‘உன் லேனிலேயே இரு’ என்று ஆங்கிலத்தில் அதட்டுவதற்கு நம்மிடம் ‘உன் வேலையைப் பார்’ இருக்கிறது.

வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். சொல் பிசகினால் பணமோ உயிரோ போகும் இடம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையின் இடது ஓரத்தில் பழுதான வண்டி ஒதுங்கவும் ஆம்புலன்ஸ் போகவும் விட்டிருக்கும் லோரோங் கெசெமாசான் அது. நம் தமிழ்ச் செய்திகளில் அவசரப் பாதை என்றும், அவசர வழி என்றும், அவசரத் தடம் என்றும் ஆளுக்கொரு பெயரில் அதைக் காணலாம். அவசர வழி என்றால் திரையரங்கில் தீப்பிடித்தால் ஓடும் கதவு. அவசரப் பாதை என்றால் அவசரமாகப் போகிறவர்களுக்கு உரியது என்று பொருள்கொள்ள இடமிருக்கிறது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அதில் மோட்டார் சைக்கிளை விடுகிறவர்களும் ஒருவகையில் அப்படித்தான் பொருள்கொள்கிறார்கள். நெருக்கடித் தடம் என்பதே சரி. பெருநாள் காலத்தில் நெரிசல் முற்றும்போது நெடுஞ்சாலை நிறுவனம் அந்தத் தடத்தையே சில இடங்களில் வண்டிகளுக்குத் திறந்துவிடுகிறது. ஸ்மார்ட்லேன் என்று அதற்குப் பெயர். தீபாவளிக்குப் பினாங்கு திரும்புகிறவர்களுக்காக அதைத் தமிழில் அறிவிக்கும்போது ‘நெருக்கடித் தடம் திறக்கப்பட்டது’ என்று மொட்டையாக எழுதிவிடக் கூடாது. எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, எந்த நேரத்துக்கு என்பதும் கூடவே வர வேண்டும். அந்த எல்லையைத் தாண்டியதும் அது மறுபடி ஆம்புலன்சுக்கு உரிய இடம். அங்கே தொடர்ந்து ஓட்டினால் சம்மன் வீடு தேடி வரும்.